ஐம்பத்தெட்டாம் எண் ரத்தம்

செப்டம்பர் 2

ஆய்வு இன்று தொடங்கியது. ஆய்வகப் பதிவேட்டில் எண்களை மட்டும்தான் எழுத வேண்டும் என்று டாக்டர் ஜெயசிங் சொல்லிவிட்டார். பெயர், பேச்சு, அபிப்பிராயம் எதுவும் கூடாது. மற்றவற்றுக்கு இந்த நோட்டு. இருபத்து மூன்று வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவளுக்குத் தேதி போட்டு எதையாவது எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேலை இது. ஆஸ்துமா உள்ளவர்கள் நாற்பது பேர், இல்லாதவர்கள் இருபது பேர். உள்ளவர்களில் பெரும்பாலோர் ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் வேலை பார்ப்பவர்கள். அவர்களிடம் இரண்டு முறை ரத்தம் எடுப்போம்: இன்ஹேலர் மருந்து தொடங்கும் முன் ஒரு முறை, எட்டு வாரம் கழித்து ஒரு முறை. இல்லாதவர்களிடம் ஒரே முறை. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றில் இயோசினோஃபில் என்ற வகை எத்தனை என்று எண்ணுவதும், அணுக்களுக்குள் இருக்கும் ஓர் அழற்சிப் புரதத்தை அளப்பதும் என் பொறுப்பு. மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் புண்ணை ரத்த அணுவில் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி.

"முடிஞ்சா, பெரிய மெஷின் இல்லாத ஊர்லகூட ஒரு சொட்டு ரத்தத்துல கண்டுபிடிச்சிரலாம், வடிவு மேடம்" என்றார் டாக்டர். அவருக்கு முப்பத்தெட்டு வயது. இது அவருடைய முதல் பெரிய ஆய்வு.

யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியக் கூடாது. குழாயில் ஒரு எண் மட்டும் இருக்கும். எண்களைக் கலைத்துப் போட்டு ஒட்டுவது ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஃபர்சானா. பெயர்ப் பட்டியல் அவளுடைய மேசை இழுப்பறையில், பூட்டிக் கிடக்கும்.

செப்டம்பர் 5

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் சத்தம் போடுகிறது. எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 11

இன்று ஏழு பேர். அதில் ஒருத்தி மாடத்தி, முப்பத்து நான்கு வயது, மில்லில் நூல் பிரிவு. ஊசியைப் பார்த்ததும் பேசத் தொடங்கினாள். பயப்படுகிறவர்கள் அப்படித்தான்.

"எக்கா, எவ்வளவு எடுப்பீய?"

"ஒரு ஸ்பூன் அளவுதான்."

"அம்புட்டுத்தானா? ஒரு ஷிஃப்டு நின்னா அதவிடக் கூட பஞ்சு என் மூக்குக்குள்ள போவும்."

சிரித்தாள். சிரிப்பு முடியும் இடத்தில் ஒரு விசில் சத்தம் வந்தது. ஆறு வருடமாகச் சளி என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வந்திருக்கிறாள். போன மாசம் வேலையில் மயங்கி விழுந்த பிறகுதான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"ஆறு வருஷமா ஏன் சொல்லல?" என்று ஃபர்சானா கேட்டாள்.

"இழுப்புக்காரின்னு தெரிஞ்சா வேலைக்கு வச்சிக்கிடுவாங்களா? அப்புறம் அந்தப் பேருதான் நிக்கும். மாடத்தின்னு கூப்பிட மாட்டாங்க."

ரத்தம் நன்றாக வந்தது. கட்டைவிரலால் பஞ்சை அழுத்திக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 17

ஆஸ்துமா இல்லாதவர்களில் ஒருவர் வரவில்லை. இருபதாவது ஆள் வேண்டும். நாளையோடு முதல் சுற்று முடிய வேண்டும். டாக்டர் அங்குமிங்கும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சரி என்றேன். ஐந்து மில்லி ரத்தம் ஒரு விஷயமே இல்லை.

படிவத்தை ஃபர்சானா வாசித்தாள்.

"கடந்த பன்னிரண்டு மாசத்துல மூச்சு இரைச்சல், வீசிங்?"

"இல்லை."

"தூசி, புகை பட்டா நெஞ்சு இறுக்கம்?"

"இல்லை."

"குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா?"

"இல்லை."

பத்துக் கேள்வி. பத்துக்கும் இல்லை. நான்கு நிமிடம் ஆனது. ஃபர்சானாவே ரத்தமும் எடுத்தாள். எனக்குப் பிறகு ஓர் ஆட்டோ ஓட்டுநர், நோயாளி. இன்று மொத்தம் இரண்டே பேர்.

செப்டம்பர் 18

நேற்றைய இரண்டு குழாய்கள்: எண் 19, எண் 58.

19-ல் நூறு வெள்ளணுவுக்கு இயோசினோஃபில் இரண்டு. 58-ல் பதினான்கு.

இயோசினோஃபில் பார்க்க அழகான அணு. உட்கரு இரண்டு பிரிவாக மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கும். சுற்றிலும் ஆரஞ்சு நிறப் பொடிகள் நெருக்கமாக. ஒட்டுண்ணி வந்தால் அதன்மேல் கொட்டுவதற்காக உடம்பு அந்தப் பொடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒட்டுண்ணி இல்லாதபோதும் சிலருக்கு அது கொட்டுகிறது, சொந்த மூச்சுக்குழாயின்மேல். சாதாரணமாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். 58-ல் தேட வேண்டியதில்லை.

இரண்டில் ஒன்று என்னுடையது, மற்றது ஆட்டோக்காரருடையது. அவர் நோயாளி. ஆகவே 58 அவருடையது.

குழாயில் ரத்தம் எடுத்த நேரம் எழுதியிருக்கும். பார்க்கவில்லை. பார்ப்பது விதிக்கு மாறானது.

செப்டம்பர் 24

ஆட்டோ ஓட்டுநர் மருந்துச் சீட்டோடு வந்தார். ஒரு மாசமாக வேறு டாக்டரிடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தாராம். அந்த மாத்திரை சாப்பிட்டால் இயோசினோஃபில் குறைந்துபோகும், ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இது பாடப்புத்தகத்தில் உள்ளது.

மதியம் வெயில் அதிகம்.

அக்டோபர் 4

வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் தபால் நிலையத்திலிருந்து வந்ததும் குளித்துவிட்டுச் சாம்பிராணி போட்டார். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளி தவறாமல் போடுகிறார். எல்லா அறைக்கும் தூபக்காலைக் கொண்டுபோவார். நான் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இந்த வேலையை வெள்ளிக்கிழமை மாலைக்கென்று வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 9

லிஃப்ட் ஓடவில்லை. ஆய்வகம் மூன்றாம் மாடியில். படி ஏறி வந்து, கதவருகே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மாடத்தி நான்கு வாரப் பரிசோதனைக்காக வந்து காத்திருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எக்கா, ஒங்களுக்கும் உண்டுமா?"

"என்ன?"

"இழுப்பு."

"படி ஏறி வந்தேன், அதான்."

"நானும் ஏறித்தான் வந்தேன்" என்றாள்.

அவளுக்கு இப்போது விசில் சத்தம் இல்லை. அவளைவிட எனக்குப் பன்னிரண்டு வயது அதிகம். வயது ஒரு காரணம்.

அக்டோபர் 20

ஞாயிறு. அக்கா போன் செய்தாள். உலகம்மாள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். சங்கரன்கோவிலில் தையல் வகுப்பு நடத்துகிறாள். பதினெட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தீபாவளி நேரம், தைத்து முடியவில்லை என்றாள். குரல் தெளிவாக இருந்தது.

அக்காவுக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. இன்ஹேலரைப் பையில் வைத்திருப்பாள். பேருந்திலும் எடுப்பாள், கோயில் வரிசையிலும் எடுப்பாள். யார் பார்த்தாலும் கவலைப்பட மாட்டாள். படிவத்தில் 'குடும்பத்தில்' என்று கேட்டதை, ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு மூன்று இடம் வந்து, மூன்றும் நின்றுபோயின. ஒவ்வொரு தடவையும் அவளே முதலில் சொல்லிவிடுவாள். நான்காவது இடம் எனக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்திருந்தார்கள். மூத்தவளுக்கு இழுப்பாமே, இளையவளுக்கும் உண்டா என்று கேட்டார்கள். அம்மா பதில் சொன்னாள். அந்தத் தை மாதம் கல்யாணம்.

அதன் பிறகு அக்காவுக்கு இடம் பார்க்கவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. வெளியே போகவில்லை. முறுக்கு நன்றாக வந்தது.

நவம்பர் 1

விடுப்பு. சளி.

நவம்பர் 2

சளி.

நவம்பர் 4

வேலைக்குப் போனேன். 'மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு' என்றாள் ஃபர்சானா. தூக்கம் போதவில்லை என்றேன். அது உண்மை. மூன்று நாளாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் கண் அயர்கிறேன். வீட்டுக்காரரிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 6

மாடத்தியின் இரண்டாவது ரத்தம். காலை பத்தரைக்கு வந்தாள்.

பக்கத்து அறையில் பழைய பதிவேடுகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கட்டுக்கட்டாகத் தூக்கிப் போட்டார்கள். தூசி எங்கள் அறைவரை வந்தது. கதவைச் சாத்தப் போனேன்.

பிறகு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. சுவரைப் பிடித்தேன். ஃபர்சானா கீழே மருந்தகத்துக்குப் போயிருந்தாள். பேச முடியவில்லை. மாடத்தி என் பின்னால் வந்து என்னை ஸ்டூலில் உட்கார வைத்தாள். தன் பையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்தாள். வாய்ப்பகுதியைச் சேலையில் துடைத்தாள்.

"மொதல்ல இருக்குற காத்த வெளிய விடுங்க. ம், விடுங்க. இப்ப நான் அமுக்குதேன், மெதுவா இழுங்க. அடக்கிக்கோங்க. நான் பத்து எண்ணுதேன்."

எண்ணினாள். மறுபடியும் ஒன்று. மறுபடியும் பத்து எண்ணினாள். கால் மணி நேரத்தில் வாய் திறந்து பேச முடிந்தது.

"தூசி" என்றேன்.

"ஆமா, தூசிதான்" என்றாள். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேங்க்கா. நானும் ஆறு வருஷம் தூசின்னுதான் சொன்னேன். விழுந்த அன்னைக்கு எம் பக்கத்துல ஆள் இருந்துச்சு. இல்லன்னா இன்னைக்கு இங்க வந்திருக்க மாட்டேன்."

அதன் பிறகு அவளுக்கு ரத்தம் எடுத்தேன். நீல மருந்து போட்டால் கை நடுங்கும். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

நவம்பர் 7

லிஃப்ட் ஓடுகிறது.

நவம்பர் 22

ஸ்லைடுக்குப் போடும் சாயத்தில் புதுப் புட்டி திறந்தோம். சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு ரத்தம் வேண்டும். ஆய்வு ரத்தத்தை அதற்கு எடுக்கக் கூடாது. என் விரலைக் குத்திக்கொண்டேன்.

சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. இயோசினோஃபில் பதினாறு.

மறுபடி எண்ணினேன். பதினாறு.

குடற்புழு இருந்தாலும் ஏறும். மாத்திரை வாங்கி விழுங்கினேன். அதற்கு முன் மலப் பரிசோதனையையும் நானே செய்தேன். புழு இல்லை, முட்டை இல்லை.

டிசம்பர் 6

சாம்பிராணி. மாடியில் மழை. துணி எதுவும் காயப் போட்டிருக்கவில்லை. ஆனாலும் போனேன்.

டிசம்பர் 20

இன்று எண்களுக்கு உரியவர்களின் விவரத்தைத் திறந்தார்கள். உரியவர்கள் என்றால் பெயர் இல்லை. எந்த எண் நோயாளி, எந்த எண் நோயில்லாதவர் என்பது மட்டும். டாக்டர் கணினியில் புள்ளிகளாகப் போட்டுக் காட்டினார். நோயாளிகளின் புள்ளிகள் மேலே. எட்டு வாரம் கழித்து எடுத்தவை இறங்கியிருக்கின்றன. நோயில்லாதவர்களின் புள்ளிகள் கீழே, பத்தொன்பதும் ஒரே கூட்டமாக. இருபதாவது மட்டும் திரையின் உச்சியில், நோயாளிகளுக்கும் மேலே தனியாக நின்றது. எண் 58. இயோசினோஃபிலும் அதிகம், புரதமும் அதிகம்.

"யாருப்பா இது?" என்றார் டாக்டர்.

நான் திரையைப் பார்த்தேன். ஃபர்சானா தன் பேனாவைப் பார்த்தாள். பட்டியல் அவளுக்கு மனப்பாடம்.

அந்த ஒரு புள்ளியைச் சேர்த்தால் புரதத்தின் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. நூலிழையில் போகிறது. எடுத்துவிட்டால் நிற்கிறது. நான்கு மாத வேலை.

"புழுவா இருக்கும். நம்ம ஊர்ல யாருக்குப் புழு இல்ல? புழுத் தொற்று, அதனால நீக்கப்பட்டதுன்னு ஒரு வரி போட்டுரலாம்" என்றார்.

"டெஸ்ட் பண்ணாம எப்படி சார் போடுறது?" என்றாள் ஃபர்சானா.

"பின்ன என்ன செய்யணும்ங்கிற?"

புழு இல்லை என்று இந்த அறையில் ஒருவருக்குத் தெரியும்.

டிசம்பர் 23

மதியம் சாப்பிடும்போது ஃபர்சானா தன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், படிவத்த நான்தான் வாசிச்சேன்."

"ஆமா."

"நீங்க சொன்னதத்தான் டிக் பண்ணேன்."

"ஆமா."

"சார் அந்த வரியப் போட்டுட்டாரு. ஆய்வு ஒருங்கிணைப்பாளர்னு நான் கையெழுத்துப் போடணும். தெரியாத ஒண்ண தெரிஞ்ச மாதிரி எழுதுறதுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது. போடலன்னா ஜனவரியோட என் வேலை முடியுது, அவரு நீட்டிக்க மாட்டாரு." குரலைத் தாழ்த்தினாள். "யாரோட எண்ணுன்னு நான் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சம்பந்தப்பட்டவங்ககிட்டகூட நானாச் சொல்லக் கூடாது. அதனால சொல்லல."

என் டப்பாவிலிருந்து பாதி புளிசாதத்தை அவள் மூடியில் வைத்தேன். சாப்பிட்டாள்.

டிசம்பர் 25

விடுமுறை. டாக்டர் எல்லோருக்கும் கேக் அனுப்பியிருந்தார். அவருடைய மனைவி செய்தது.

டிசம்பர் 29

ஆய்வகப் பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, அடித்தது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

அக்டோபர் 20-ல் 'அம்மா பதில் சொன்னாள்' என்று எழுதியிருக்கிறேன். இன்று அதன்மேல் கோடு போட்டேன். சரியானது இது.

அம்மா வாயைத் திறந்தாள், ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அக்கா காப்பித் தட்டோடு கதவருகே நின்றாள். நான்தான் பேசினேன். 'எனக்கு ஒண்ணும் கிடையாது, அவளுக்கு மட்டுந்தான்' என்றேன். சொல்லும்போது கையை நீட்டி அக்காவைக் காட்டினேன். முந்தின வாரம்தான் இரண்டு பேரும் ஒரே இன்ஹேலரை மாற்றி மாற்றி இழுத்திருந்தோம். அக்கா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு வருடமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

செப்டம்பர் 18-ல் '58 அவருடையது' என்று எழுதியதன்மேலும் கோடு போட்டேன்.

சளி என்று எழுதியவற்றை எண்ணினேன். எல்லாவற்றின்மேலும் கோடு.

சண்முகவடிவு.

டிசம்பர் 30

டாக்டரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், அம்பத்தெட்டு என்னோட ரத்தம். எனக்குப் புழு இல்ல, பாத்துட்டேன். எனக்கு ஆஸ்துமா இருக்கு. சின்ன வயசுலருந்தே. படிவத்துல பொய் சொன்னேன்."

அவர் கணினியிலிருந்து கையை எடுத்தார்.

"எப்பத்துலருந்து தெரியும், உங்க ரத்தம்னு?"

"செப்டம்பர் பதினெட்டு."

"செப்டம்பர்!" எழுந்துவிட்டார். "மேடம், உங்க எண்ணிக்கைய நம்பித்தான் இந்த ஆய்வே நடந்திருக்கு. டெக்னீஷியனே படிவத்துல பொய் சொல்லியிருக்காங்கன்னா, மத்த ஸ்லைடையும் எப்படி எண்ணுனாங்கன்னு கட்டுரையப் படிக்கிறவன் கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?"

"மறுபடி எண்ணச் சொல்லுங்க, சார். வெளியாளா வச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, "புழுன்னு நான் எழுதுனதும் பொய்தான்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். முதுகில் வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். வெகுநேரம் கேட்டார்.

"இதோட எப்படி மேடம் மூணு மாடி ஏறுனீங்க?"

தெரியவில்லை என்றேன். ஊதும் கருவியில் ஊதினேன். இருக்க வேண்டியதில் அறுபத்திரண்டு விழுக்காடு. தினமும் இரண்டு வேளை போடும் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் பெயர் வரும் இடத்தில் என் எழுத்து நன்றாகவே இருந்தது. ஃபர்சானாவின் வேலையைப் பற்றிக் கேட்டேன். "அவளுக்கென்ன, அவ சரியாத்தான் இருந்திருக்கா" என்றார்.

வீட்டுக்காரரிடம் மாலையில் சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்று நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்ப சாம்பிராணி?"

"ஆகாது."

"இருவத்திரண்டு வருஷம்!" என்றார். "வாரா வாரம் வீடு பூரா பொகைய போட்டிருக்கேன். சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்லா? என்னைய என்னன்னு நெனச்ச நீ?"

கல்யாணத்துக்கு முன் மறைத்ததைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "துணி எடுக்கத்தான் மாடிக்குப் போறன்னு நெனச்சேன்" என்றார்.

ஜனவரி 3

குழு சொல்லிவிட்டது. என் எண் ஆய்விலிருந்து நீக்கம், காரணம் உள்ளபடி பதிவு. இரண்டாம் முறை வராத மூன்று பேர் போக, மீதித் தொண்ணூற்றாறு ஸ்லைடுகளையும் மதுரையிலிருந்து ஒரு நோயியல் மருத்துவர் வந்து எண்ணுவார். என் எண்ணிக்கை அவருக்குக் காட்டப்படாது. முடிவு தெரியும்வரை நான் ஆய்வகத்துக்குள் போகக் கூடாது. பதிவேட்டு அறையில் உட்கார்ந்து லேபிள் அடிக்கிறேன்.

ஜனவரி 8

லேபிள். கண்ணாடிக் கதவு வழியாக என் மைக்ராஸ்கோப்பில் வேறொருவர் குனிந்திருப்பது தெரிகிறது. உயரமானவர். இருக்கையை ஏற்றி வைத்திருக்கிறார்.

ஜனவரி 10

வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் விளக்கு மட்டும் ஏற்றினார். தூபக்காலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். முகம் இன்னும் தூக்கித்தான் இருக்கிறது. காலையில், "மருந்து போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 17

தொண்ணூற்றாறும் எண்ணி முடித்துவிட்டார்கள். தொண்ணூற்று மூன்று ஒத்துப்போகிறது. மூன்றில் ஒன்றிரண்டு அணு வித்தியாசம். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான். மதுரை மருத்துவர் கிளம்பும்போது, "நல்லா எண்ணியிருக்கீங்க" என்றார். நன்றி என்றேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன்.

புரதத்தின் வித்தியாசம் நிற்கிறது. டாக்டர் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. இது முதல் படிதான், இருநூறு பேரிடம் பார்த்தால்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறார். கட்டுரையில் என் பெயர் இருக்காது. அடுத்த ஆய்விலும் எனக்கு எண்ணும் வேலை கிடையாது, நோயாளிகளிடம் ரத்தம் எடுக்கும் வேலை. ஃபர்சானாவுக்கு ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.

மூன்று மாடியும் நடந்தே ஏறினேன். இரண்டாவது மாடியில் ஒரு முறை நின்றேன்.

ஜனவரி 19

ஞாயிறு. சங்கரன்கோவில் பேருந்தில் போனேன். அக்கா ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். முன்கூட்டிச் சொல்லாமல் நான் போனதில்லை.

"என்ன ஏட்டி, திடுதிப்புன்னு?"

இன்ஹேலரைப் பையிலிருந்து எடுத்து வெட்டுப் பலகையில், துணிமேல் வைத்தேன். பார்த்தாள். அவள் போடுவதும் அதே மருந்துதான்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன்க்கா. ஒன்னையக் கைகாட்டிச் சொன்னேன்."

கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது. வளைவான இடம், நடுவில் நிறுத்த முடியாது. வெட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீ சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேரும் வீட்டுல இருந்திருப்போம். அதுக்காக ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல." துணியை உதறினாள். "கை நீட்டுனபாரு, அதுதான். வாயால சொல்லியிருந்தா போதும்லா. கை எதுக்கு?"

"தெரியலக்கா" என்றேன்.

"ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"போன மாசம் சொன்னேன்."

"அவருக்கு முன்னாடி?"

"டாக்டருக்கு."

"அப்ப நான் மூணாவது."

"நாலாவது" என்றேன்.

நிமிர்ந்தாள். "மொத ஆளு யாரு?"

மாடத்தியைப் பற்றிச் சொன்னேன். மில்லில் ஆறு வருடம் மறைத்தது, மயங்கி விழுந்தது, ஸ்டூலில் என்னை உட்கார வைத்தது, சேலையில் துடைத்துக் கொடுத்தது, பத்து எண்ணியது எல்லாம். அக்கா கத்தரியை வைத்துவிட்டுக் கேட்டாள். நான் முடித்ததும் எழுந்தாள். அலமாரியைத் திறந்து, அடுக்கி வைத்திருந்த துணிகளில் விரலை ஓட்டி, நல்ல பச்சையில் ஒன்றை உருவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளகிட்ட ஒரு அளவு ஜாக்கெட் வாங்கிட்டு வா" என்றாள். "தச்சுத் தாரேன்."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன்.